பஞ்சம்மாள் மூக்கும் கிணற்றுக் கருங்கோடும்

அனுமந்தன்பட்டியில் பஞ்சம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்தப் பஞ்சம்மாள் என்று திருப்பிக் கேட்பார்கள். ஓங்கரிக்கிற பஞ்சம்மாள் என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கே கரட்டுக் குன்றைப் பார்த்துப் போகிற வண்டிப்பாதையைக் கை காட்டிவிடுவார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுத் தாண்டிப் போகிற வாடைக்கு அவளுக்கு அடிவயிறு புரண்டு வாய்வரை வந்துவிடும். அப்படி ஒரு மூக்கு.

அவள் பிறந்தது ஆண்டிபட்டியில், தறிக்காரர் சங்கரலிங்கம் வீட்டில். பாவு தோய்க்கிற கஞ்சி புளித்துப்போய் அந்தத் தெருவே ஒரு மாதிரி அடிக்கும். அவள் அக்காமார்களுக்கு அது வாடையாகவே தெரியாது. இவள் மட்டும் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வேம்படிக்குப் போய்விடுவாள். சங்கரலிங்கத்தின் அத்தை ஒருத்தியும் இப்படித்தானாம். பெரியகுளத்தில் வாக்கப்பட்டுப் போனவள், கடைசிவரைக்கும் மாமியார் கையால் ஒரு வாய் சாப்பிடாமலே போய்ச் சேர்ந்தாள். அந்த வழியில் வந்த மூக்கு. யாரைக் குற்றம் சொல்ல?

முதலில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பீடி குடிக்கிறவர். காபி கொண்டுபோய் வைத்தவள் அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வந்தவர்கள் பெண் ஓங்கரித்ததற்கு வேறு காரணம் நினைத்துக்கொண்டு, வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தப் பேச்சு ஆண்டிபட்டியில் அடங்குவதற்குள் சங்கரலிங்கத்துக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்தான் அழகர். அவருடைய பெரியம்மாவைப் பக்கத்துத் தெருவில் கொடுத்திருந்தது, அந்த வழியில் வந்த சம்பந்தம். வருகிற வழியில் வைகை அணைக்குக் கீழே இறங்கிக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். பஞ்சம்மாள் உள்ளே போய் அவள் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"இவுககிட்டத் தண்ணி வாசந்தான் வருது. சரின்னு சொல்லிரு."

அழகருக்குக் கரட்டடியில் மானாவாரி நிலம். தம்பி வேல்பாண்டிக்கும் அதில் பாதி. கல்யாணமான மறுவருடம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அங்கே கிணறு வெட்டினார்கள். மண் கொஞ்சம்தான், அதன் கீழே ஒரே பாறை. வேட்டு வைத்து வைத்து இறக்கினார்கள். அழகர் சாயங்காலம் வேட்டு மருந்து வாடையோடு வந்து நிற்பார். தொட்டியில் குளித்த பிறகுதான் நிலைப்படி தாண்ட விடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே குளிப்பார்.

ஆழத்தில் பாறை வெளிர் நிறமாக, மாதுளை முத்துக்களை அள்ளித் தெளித்த மாதிரி செம்புள்ளிகளோடு வந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. விரல் தடிமன் இருக்கும். மை ஊற்றி இழுத்த மாதிரி, பக்கவாட்டில் சின்னச் சின்னக் கிளைகள் விட்டு ஓடியது. வெட்டுகிறவர்கள் கரி என்று நினைத்துச் சுரண்டிப் பார்த்தார்கள், கையில் ஒட்டவில்லை. அதை யாரும் அதற்கு மேல் பெரிதாக நினைக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கோட்டை ஒட்டினாற்போல இருந்த வெடிப்பிலிருந்துதான் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. தண்ணீரைக் கண்டவன் கோட்டையா பார்ப்பான்?

முதல் வாளித் தண்ணீரை அழகர் பஞ்சம்மாளிடம் கொடுத்தார். மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். பாசி இல்லை, துரு இல்லை, மண் இல்லை, ஒன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்து அவள் மூக்கு அவளைச் சும்மா விட்ட முதல் நேரம் அது. அன்று குடித்ததோடு சரி, வேறு தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதில்லை. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. கேன் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை. கல்யாணம், காதுகுத்து, எழவு எதுக்குப் போனாலும் கட்டைப்பையில் தன் தண்ணீர் பாட்டிலோடுதான் போவாள். மகள் யுவராணியின் வளைகாப்புக்குப் போனபோது சம்பந்தி வீட்டில் அதை ஒரு குறையாகப் பேசி, பத்து வீட்டுக்குப் பரப்பிவிட்டார்கள். பரப்பினால் பரப்பட்டும் என்றுவிட்டாள்.

அழகர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். யுவராணி தேனி பஜாரில் மருந்துக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பஞ்சம்மாளுக்கு மிஞ்சியது கரட்டடி வீடு, கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் தக்காளி, பாதிக் கிணறு. ஒருநாள் அவள் மோட்டார் போட்டால் மறுநாள் வேல்பாண்டி போடுவான். அந்த முறை ஒருநாளும் பிசகியதில்லை. மற்ற மனிதர்கள் ஏதேதோ வேண்டுமென்று சாமி கும்பிடுவார்கள். அவள் அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கவேண்டும் என்று மட்டும் கும்பிடுவாள்.

அந்த வருடம் கோடை கடுமை. கிணறு எப்போதும் இல்லாத அளவுக்கு வற்றி, கருங்கோடு மேலே தெரிந்தது. வேல்பாண்டி மோட்டாரை இறக்கிக் கட்டப் போனவன் அதைப் பார்த்தான். கோடு ஒரு இடத்தில் கொஞ்சம் புடைத்து, இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. வேல்பாண்டிக்கு எப்போதும் புதிதாக ஏதாவது ஒன்று வேண்டும். திராட்சைப் பந்தல் போட்டான், நோய் விழுந்தது. குமுளிக்கு ஜீப் ஓட்டினான், ஜீப் விழுந்தது. இப்போது கிணற்றுக்குள் பாம்பைக் கண்டுவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி அன்றைக்கே தலையை விரித்துப் போட்டு ஆடி, தான் நாகம்மா என்றும் நெடுங்காலமாகத் தண்ணீருக்குள் மூச்சு முட்டிக் கிடந்ததாகவும் சொல்லிவிட்டாள்.

பஞ்சம்மாள் சாமி இல்லை என்கிற ஆள் இல்லை. ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பால் வைக்கிறவள்தான். ஆனால் கிண்ணத்தில் வைத்து, கும்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இங்கே நடந்ததோ வேறு. புற்று என்றால் வாயருகே பால் ஊற்றலாம், முட்டை வைக்கலாம். கிணற்றுக்குள் இறங்கி யார் வைப்பது? மேட்டில் நின்றபடியே ஊற்றினார்கள். முட்டையை மேலே இருந்து விட்டெறிந்தார்கள். கோட்டின் புடைப்பில் முட்டை பட்டு உடைந்தால் நினைத்தது நடக்கும், தவறினால் அடுத்த வெள்ளி வரவேண்டும் என்று யாரோ ஆரம்பித்துவைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. பிள்ளை இல்லாதவள் எறிந்தாள், வேலை கிடைக்காதவன் எறிந்தான். குறி தவறியவர்கள் அடுத்த வெள்ளிக்குத் தட்டோடு முட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆடி பாதி முடிவதற்குள் கிணறு கிணறாக இல்லை. பால் திரிந்து மேலே ஆடையாகப் படர்ந்தது. அதன்மேல் மஞ்சள் நுரை. முட்டைக்கரு பாறையில் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கிக் காய்ந்து, அடுத்த வெள்ளிக்கு அதன்மேலேயே புதுக்கரு வழிந்தது. எலுமிச்சம்பழம், வாழைப்பழத் தோல், பாலிதீன் கவர், யாரோ வேண்டுதலுக்கு எறிந்த தலைமுடி. ஈ மொய்ப்பது வீட்டிலிருந்தே கேட்டது. பஞ்சம்மாள் வாளியை இறக்கி ஏற்றினாள். வாளி விளிம்பில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. அங்கேயே குத்தவைத்து, குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தாள்.

கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். திட்டவில்லை. முறையாகத்தான் கேட்டாள். அவன் விபூதி பூசிய நெற்றியோடு கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"மதினி, ஒங்க மூக்குக்காக ஆத்தா எந்திரிச்சுப் போவாளா?"

"ஆத்தா போக வேணாம் கொழுந்தனாரே. நீங்க போடுற முட்டை போகட்டும்."

"பாதிக் கெணறு என்னுது மதினி. நான் கும்புடுறத யாரு கேக்க?"

"அப்ப ஒங்க பாதியில மட்டும் நாறச் சொல்லுங்க."

மாரீஸ்வரி உள்ளே இருந்து வந்து, அக்கா சாமிக் குத்தம் தேடிக்கொள்ள வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சொம்பை நீட்டினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான், தீர்த்தம் என்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். உத்தமபாளையத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் வருகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிறார்களாம். பஞ்சம்மாள் சொம்புக்குள் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

தண்ணீர் இல்லாமல் மனிதர் எத்தனை நாள் இருக்கமுடியும்? தேனிக்கு மகள் வீட்டுக்குப் போனாள். கீழே மருந்துக்கடை, மேலே வீடு. மருந்து வாடையும் சாக்கடை வாடையும் சேர்ந்து படியேறி வந்தன. கேன் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாள் யுவராணி. சீரகம் போட்டுக் கொடுத்தாள். எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். இளநீர் தவிர எதுவும் உள்ளே நிற்கவில்லை. கண் குழி விழுந்து உதடு வெடித்துப்போன அம்மாவைப் பார்த்து யுவராணிக்குப் பயம் வந்துவிட்டது. போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரின் மகள் இவாஞ்சலின் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது பெரிய படிப்புப் படித்து, பாறைகளைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்குப் போன் போட்டாள். அது பாம்பு இல்லை, வெறும் கல் என்று படித்த ஒருத்தி வந்து நாலு பேர் முன்னால் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று யுவராணிக்கு எண்ணம்.

தாயும் மகளும் கரட்டடிக்குத் திரும்பிய அன்றே இவாஞ்சலினும் வந்தாள். ஒல்லியான பெண், தோளில் பை, கையில் சுத்தியல். கிணற்றின் இரும்புப்படியில் அந்த நாற்றத்துக்குள் கொஞ்சமும் தயங்காமல் இறங்கிப் போனதைப் பஞ்சம்மாள் தூரத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் கழித்து ஏறி வந்தவளின் சட்டையில் முட்டைக்கரு, தலையில் மஞ்சள். முகம் மட்டும் கல்யாணப்பெண் முகமாக இருந்தது. கோட்டில் ஒரு கைப்பிடித் துண்டு உடைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஊற்று அதை ஒட்டித்தான் வருகிறது, சுத்தியலை வைக்கக்கூடாது என்று பஞ்சம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணும் வற்புறுத்தவில்லை. அந்தக் கோடு போகிற திசையைப் பார்த்தபடி கரட்டில் ஏறினாள். பஞ்சம்மாளும் கூடப் போனாள்.

கரட்டு மேட்டில், ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதிகம் போகாத ஒரு பாறைச் சரிவில் அதே கோடு வெளியே தெரிந்தது. கிணற்றில் விரல் தடிமன் என்றால் இங்கே முழங்கைத் தடிமன். ஓரிடத்தில் குட்டை மாதிரி தேங்கி, அதிலிருந்து ஐந்தாறு கிளைகள் பாறைக்குள் பாய்ந்திருந்தன. இவாஞ்சலின் மண்டியிட்டாள். விரலை நாக்கில் தொட்டு எச்சிலை அந்தக் கல்லில் தடவினாள். நிறம் துலங்கினதும் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். திரும்பவும் எச்சில். பஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்த பிள்ளைக்கு இது என்ன பழக்கம்?

"இது என்ன தாயி? பாம்பா, கரியா?"

இவாஞ்சலின் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். இந்தப் பாறையெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்குள் மிக மிக ஆழத்தில் இருந்தது. இங்கிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போகிற தூரத்தை அப்படியே செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு ஆழம். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போய், அடியில் இருந்தது மெல்ல மெல்ல மேலே வந்திருக்கிறது. அந்த ஆழத்தில் சூடு அதிகம். அந்தச் சூட்டில் பாறை பிசைந்த மாவு மாதிரி மெதுவாக நெளிந்து கொடுக்கும், படக்கென்று உடையாது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் உடைந்திருக்கிறது. அங்கே, அவ்வளவு ஆழத்தில், ஒரு நாள் பூகம்பம் வந்திருக்கிறது.

"ஒடஞ்சு ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு உரசிருக்கும்மா. கண்ணு மூடித் தெறக்குற நேரந்தான். அந்த உரசல்ல கல்லே உருகிருச்சு. உருகினது பக்கத்து வெடிப்புலயெல்லாம் பாஞ்சு, அப்படியே ஒறைஞ்சு போச்சு. அதுதான் இந்தக் கறுப்பு."

பஞ்சம்மாளுக்கு அது ஒரு பெரிய வாந்தி மாதிரி மனதில் பட்டது. பூமிக்கும் அடிவயிறு புரளும் போலிருக்கிறது. அதற்கு என்ன வாடை பிடிக்கவில்லையோ.

"சூட்டுல நெளியுற கல்லு எதுக்கு ஒடஞ்சுச்சு?"

"அதத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கோம். எனக்கும் தெரியாது. இப்பவும் அந்த ஆழத்துல பூகம்பம் வருது. அங்கன போயி யாரும் பாக்க முடியாது. பாத்துட்டு மேல வந்து நிக்கிறது இந்தக் கல்லு ஒண்ணுதான். இதக் கேட்டாத்தான் உண்டு."

கிணற்றடிக்கு வந்தவர்களிலேயே தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். எச்சிலைக்கூடப் பஞ்சம்மாள் பாதி மன்னித்துவிட்டாள். அடுத்த மாதம் ஆட்களோடும் கருவியோடும் வந்து இந்த மேட்டுப் பாறையில்தான் வேலை செய்யப்போவதாகவும், இப்படிக் கிளையோடு சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம் என்றும் இவாஞ்சலின் சொன்னாள். யாருக்கும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு கிணற்று மேட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் முன்னால் நின்று, இது பாம்பு இல்லை, மிகப் பழைய பூகம்பத்தின் தழும்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. வேல்பாண்டி கைகட்டிக் கேட்டான். யுவராணி அம்மாவின் கையைப் பிடித்து அமுக்கினாள். சொல்லி முடித்ததும் வேல்பாண்டி கண்ணில் நீர் தளும்ப, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"கேட்டுக்கிட்டீகளா? பெரிய படிப்புப் படிச்சவுகளே வந்து சொல்லிட்டாக. எங்க ஆத்தா அசைஞ்சா, பூமியே அதிர்ந்து கல்லு உருகியிருக்கு."

அடுத்த வெள்ளிக்கு பிளெக்ஸ் வைத்துவிட்டான். பூமி அதிர்ந்த நாகம்மன். இரண்டு பங்கு கூட்டம், இரண்டு பங்கு முட்டை. இவாஞ்சலின் போட்டோவைக்கூட ஓரத்தில் போட்டிருந்தான். பஞ்சம்மாள் அந்த பிளெக்ஸின் கீழே காறித் துப்பினாள். வாழ்நாளில் அவள் தெருவில் துப்பியது அன்றுதான்.

அதோடு நிற்கவில்லை. கிணற்றுக்குள் இருந்தால் பெண்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, குறி வைப்பதும் சிரமம் என்று, கோடு புடைத்த அந்தப் பாறைத் துண்டை வேட்டு வைத்துப் பெயர்த்து மேலே கொண்டுவந்து பீடம் கட்டப்போவதாக வேல்பாண்டி சொன்னான். வேட்டுக்குப் பாறையில் துளை போடுகிற கம்ப்ரஸர்காரரை வரச்சொல்லியாகிவிட்டது. யுவராணி பதறிப்போய் இவாஞ்சலினைக் கேட்டாள். கறுப்புக்கோடு இறுக்கமானது, தண்ணீர் அதை ஒட்டிய வெடிப்பில் வருகிறது, வேட்டு வைத்தால் வெடிப்பு அடைந்து ஊற்று வேறு பக்கம் போனாலும் போகலாம் என்று அவள் சொன்னாள். நாறின கிணற்றை என்றைக்காவது கழுவிக்கொள்ளலாம். ஊற்றே போய்விட்டால் கழுவ என்ன இருக்கிறது? வேட்டுச் சத்தம் கேட்கிற அன்றைக்குத் தன் உயிர்த்தண்ணீர் முடிந்தது என்று பஞ்சம்மாளுக்குத் தெரிந்துபோனது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் குளித்து, நெற்றிக்கு இட்டு, மூக்கை மூடாமல் கிணற்று மேட்டுக்குப் போனாள்.  பல்லைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் முட்டையும் கையுமாக நின்றது. மாரீஸ்வரி தீர்த்தச் சொம்போடு நின்றாள்.

"கொழுந்தனாரே, சாமி காரியத்துல ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

மதினி வழிக்கு வந்துவிட்டாள் என்ற சந்தோசத்தில் வேல்பாண்டி தாராளமாகக் கேட்கச் சொன்னான்.

"பாம்புக்குத் தலைப் பக்கம் தடிச்சிருக்குமா, வால் பக்கம் தடிச்சிருக்குமா?"

தலைப் பக்கம்தான் என்றான். கூட்டத்தில் நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். பஞ்சம்மாள் கரட்டைக் கை காட்டினாள். மேட்டுச் சரிவில் இதே ஆத்தா முழங்கைத் தடிமனில் ஐந்தாறு தலை எடுத்து நிற்கிறாள், கீழே வரவர மெலிந்து விரல் தடிமனாகக் கிணற்றுக்குள் வந்து முடிகிறாள், சந்தேகம் என்றால் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். இரண்டு பேர் ஏறிப்போனார்கள். மேலே இருந்து, ஆமாம் இருக்கிறது என்று கையை ஆட்டினார்கள்.

"அப்ப இங்கன இருக்கிறது வாலு." பஞ்சம்மாள் நிதானமாகச் சொன்னாள். "வாலுக்கு மேல, அந்தப் பொடைப்பு இருக்கே, அது எந்த எடம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அங்கன பாத்துத்தான் இத்தன நாளும் குறி வச்சு எறிஞ்சிருக்கீக. அங்கன வழிஞ்சதத்தான் தீர்த்தம்னு குடிச்சிருக்கீக."

 முதலில் ஒரு பெரியவர் ஓரமாகப் போய்த் துப்பினார். ஒருத்தி கையை முந்தானையில் துடைத்தாள், பிறகு முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குமுளியிலிருந்து வந்திருந்த ஒரு மலையாளத்து அம்மாளுக்குத் தமிழ் மெதுவாகத்தான் புரிந்தது. பக்கத்தில் நின்றவள் காதில் சொன்னதும் "அய்யே" என்று வாயைப் பொத்திக்கொண்டு முருங்கைக்குப் பின்னால் ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் ஒருத்தி ஓடினாள். இத்தனை வருடமாகத் தனக்கு மட்டும் வந்த ஓங்கரிப்பு ஊருக்கே வருவதைப் பஞ்சம்மாள் நின்று பார்த்தாள்.

 வேல்பாண்டியைக் காப்பாற்றியது மாரீஸ்வரிதான். சொம்பைக் கீழே போட்டாள், தலையை விரித்தாள், ஆடினாள். பிள்ளைகளின் பக்தியைச் சோதிக்கத்தான் வாலைக் காட்டினாளாம், சோதனை முடிந்ததாம், இனித் தலைக்கு வரவேண்டுமாம். வேல்பாண்டிக்கு மூச்சு வந்தது. கூட்டம் முட்டைத் தட்டுகளோடு கரட்டில் ஏறியது. கம்ப்ரஸர்காரரை வரவேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஆத்தாளின் வாலில் வேட்டு வைக்க யாருக்குத் துணிச்சல்?

கிணற்றைத் தூர்வாரினார்கள். இறைத்த தண்ணீரைச் செடிக்குக்கூட விடாமல் ஓடையில் தள்ளச் சொன்னாள் பஞ்சம்மாள். அடியில் முட்டை ஓடும் சேறும் சேர்ந்த கூழ், அதற்குள் செத்த எலி ஒன்று. வாரியவர்களே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். பாறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், மறுபடி இறைத்தார்கள். கோட்டை ஒட்டிய வெடிப்பில் ஊற்று முன்போலவே வந்தது. ஆனாலும் ஊறிய முதல் தண்ணீரைக் குடிக்கவில்லை, இரண்டாம் தண்ணீரையும் குடிக்கவில்லை. மோந்து மோந்து கீழே ஊற்றினாள். ஆவணி மழை பெய்து, இன்னொரு தடவை இறைத்துவிட்ட பிறகு ஒருநாள் காலையில் ஒரு மடக்கு இறங்கியது. வயிறு பேசாமல் இருந்தது. வாளியைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தாள்.

இவாஞ்சலின் சொன்னபடி ஆட்களோடு வந்தாள். நேரே கரட்டில் ஏறினாள். பஞ்சம்மாள் கூடப் போகவில்லை. மேலே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்தக் கல் முழுக்க மஞ்சள் பூசி, ஐந்தாறு கிளைக்கும் எனாமல் பெயிண்டில் கண்ணும் நாக்கும் எழுதி, சுற்றிலும் சிமெண்ட் போட்டுவிட்டான் வேல்பாண்டி. எண்ணெயும் கருவும் வழிந்து ஒரு விரற்கடை மேலோடாகப் பிடித்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அந்த வாடை வீடுவரை வரும்.

அந்தப் பெண் இறங்கி வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்லம்மா. நான் அப்படிச் சொல்லலையே."

"நீ சொல்லல தாயி. நாந்தான் சொன்னேன்."

 பஞ்சம்மாளுக்குத் தன்மேலேயே ஒரு வாடை அடிக்கிற மாதிரி இருந்தது. நம்பிக் காட்டின இடத்தைத்தான் அந்தக் கும்பலுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். வேறு வழி இருந்ததா என்றால் இல்லை. இல்லை என்பதால் வாடை போய்விடுமா? எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் இறங்கி, தேய்த்துக் கழுவிய பாறையில் கருங்கோடு பளிச்சென்று தெரிகிறவரை இறைத்தாள். நாளைய முறை வேல்பாண்டியுடையது, அவன் சத்தம் போடுவான். போடட்டும்.

"எறங்கி ஒடைச்சுக்க. ஊத்துக்கு மேல, கை வச்சுப் பாத்து, கொஞ்சமா."

இவாஞ்சலின் அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். உளியை வைத்து, பூப்பறிக்கிற மாதிரி தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் பஞ்சம்மாள் ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை, கலங்கவுமில்லை. கைக்கு அடங்குகிற ஒரு துண்டோடு இவாஞ்சலின் மேலே வந்தாள். வெளிர்க்கல், அதில் செம்புள்ளி, நடுவே கிளைவிட்ட கறுப்பு. புதிதாக உடைந்த பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தது. வேட்டு மருந்து வாடை மாதிரியே. அழகர் சாயங்காலம் வந்து தொட்டியடியில் நிற்பாரே, அந்த வாடை. கல் உருகின அன்றைய வாடையா என்று கேட்டாள். இல்லை, இப்போது உளி பட்டதில் வந்தது, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றாள் இவாஞ்சலின். அது போகிறவரைக்கும் பஞ்சம்மாள் மோந்துகொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பெண் கண்ணாடியை எடுத்தாள். பழக்கம் விடவில்லை, விரல் நாக்குக்குப் போனது. பஞ்சம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீ. எச்சி வேணாம் தாயி. கல்ல நீட்டு."

வாளியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, அந்தக் கல்லின்மேல் ஊற்றினாள். கறுப்பு துலங்கியது. மிச்சத்தை இவாஞ்சலினிடம் குடிக்கக் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்ததும், பஞ்சம்மாள் அதைச் சாம்பல் போட்டு மூன்று தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.